மோதினால் என்ன ஆகும்? – போத்தனூர் ரயில் டோக்கனும் குறிச்சிப் பட்டறை நெட்வொர்க்கும்

ரயில் முதலில் வந்தது கோயமுத்தூருக்கு இல்லை, போத்தனூருக்கு. இதை எங்க ஊர்க்காரங்க கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்வோம். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையில் பேப்பூர் வரைக்கும் மெட்ராஸ் ரயில்வே கம்பெனி போட்ட பாதை 1862-ல் போத்தனூர் வழியாகப் போனது. கோயமுத்தூர் டவுன் அந்தப் பாதையிலிருந்து சில மைல் வடக்கே ஒதுங்கி நின்றது. போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 1873-ல் கிளைப்பாதை வந்த பிறகுதான் டவுன்காரர்கள் தங்கள் ஊரிலேயே ரயில் ஏற முடிந்தது. பிற்பாடு இருகூரிலிருந்து நேராகக் கோவைக்கு ஒரு பாதை போட்டார்கள். பெரிய வண்டிகள் அந்த வழியாகத் திரும்பியதும் எங்க ஊர் கொஞ்சம் ஓரமாகப் போய்விட்டது. ஆனால் இருகூர், கோவை, போத்தனூர் மூன்றையும் பேப்பரில் வரைந்து பாருங்கள். ஒரு முக்கோணம் கிடைக்கும். ஒரு பக்கம் அடைத்துக்கொண்டால் இன்னொரு பக்கமாகச் சுற்றிப் போகலாம். நெட்வொர்க் வேலை பார்க்கிறவனுக்கு அந்தப் படம் ரொம்பப் பழக்கமானது.

இது ரயில் வரலாற்றுக் குறிப்பு இல்லை. போத்தனூரை ஒட்டிய குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றியும் இருக்கிற சின்னப் பட்டறைகள், தங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்க என்ன ஏற்பாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள், ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் விஷயம். ஆனாலும் ரயிலில் இருந்துதான் தொடங்கியாகணும்.

ஒரே ஒரு தண்டவாளம். இரண்டு பக்கமும் வண்டி வரும். யார் முதலில் போவது? ஆரம்பத்தில் இதற்கு டைம்டேபிளும் தந்தியும்தான் வழி. இந்த ஸ்டேஷன் மாஸ்டர் தந்தி அடித்துக் கேட்பார், அந்த ஸ்டேஷன் மாஸ்டர் சரி என்பார், வண்டி கிளம்பும். 1874 செப்டம்பரில் இங்கிலாந்தில் நார்விச் பக்கம் தோர்ப் என்ற இடத்தில் தந்தியில் ஏற்பட்ட குழப்பத்தால் ஒரே பாதையில் எதிரெதிராக இரண்டு வண்டிகளை அனுப்பிவிட்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். அதற்குப் பிறகு 1878-ல் எட்வர்ட் டயர் என்பவர் ஒரு கருவி செய்தார். இரண்டு ஸ்டேஷனிலும் ஒவ்வொரு பெட்டி, நடுவில் மின்கம்பி. ஒரு பெட்டியிலிருந்து ஒரு வில்லையை எடுத்துவிட்டால், அது ஏதாவது ஒரு பெட்டிக்குள் திரும்பப் போகிற வரைக்கும் இரண்டு பெட்டியுமே பூட்டிக்கொள்ளும். வில்லை கையில் இருக்கிற டிரைவர் மட்டுமே அந்தப் பாதையில் நுழையலாம். நம்ம நாட்டில் வில்லைக்குப் பதிலாக இரும்புப் பந்தை வைத்த நீல்ஸ் டோக்கன் கருவிதான் பரவலாகப் புழங்கியது. பந்தை ஒரு தோல்பையில் போட்டு, அதில் பெரிய பிரம்பு வளையத்தை மாட்டி, ஓடுகிற வண்டியிலேயே கை மாற்றிக்கொள்வார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்களில் சின்ன ஸ்டேஷன் பக்கம் வளர்ந்தவர்கள் நிச்சயம் பார்த்திருப்பார்கள்.

போத்தனூரில் இருக்கிற சிக்னல் மற்றும் தொலைத்தொடர்பு ஒர்க்‌ஷாப்பும் இந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான். ரிலே, பாயிண்ட் மெஷின், பிளாக் கருவி என்று ரயில் மோதாமல் பார்த்துக்கொள்கிற சாமான்களைச் செய்கிற இடம் அது. எங்க தெருவில் அங்கே வேலை பார்த்த பெரியவர்கள் உண்டு. 'இண்டர்லாக்' என்ற வார்த்தையை நான் முதலில் கேட்டது காலேஜில் இல்லை, திண்ணையில்.

அதே ரயில்வேயில் இன்னொரு கம்பியும் ஓடுகிறது. கண்ட்ரோல் போன். ஒரே ஜோடிக் கம்பியில் வழியில் இருக்கிற அத்தனை ஸ்டேஷனும் தொங்கிக்கொண்டிருக்கும். கண்ட்ரோலர் ஒரு ஸ்டேஷனுக்கு மட்டும் மணியடித்துக் கூப்பிடலாம். ஸ்டேஷன் மாஸ்டர் ரிசீவரை எடுத்து, வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுவிட்டு, இல்லையென்றால் பேசலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தால்? ஒருத்தர் நிறுத்திக்கொள்வார், இன்னொருத்தர் முடித்த பிறகு திரும்பச் சொல்வார். யாருக்கும் ஒன்றும் ஆகாது.

ஒரே ரயில்வே, பகிர்ந்துகொள்கிற பாதைக்கு இரண்டு விதமான விதி வைத்திருக்கிறது. வண்டிக்கு டோக்கன். பேச்சுக்கு 'காலியா இருந்தா பேசு'. வண்டி மோதினால் உயிர் போகும், பேச்சு மோதினால் திரும்பச் சொன்னால் போதும் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இல்லை.

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். கண்ட்ரோல் போன் வழியை எடுத்துக்கொண்டது ஈதர்நெட். ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் 1971-ல் தீவுகளுக்கு நடுவே ரேடியோ மூலம் நடத்திய அலோஹா நெட்வொர்க்கில் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம். மோதினால் சற்றுப் பொறுத்துத் திரும்ப அனுப்பணும். இதைப் படித்த பாப் மெட்காஃப், ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்தில் 1973 மே 22 அன்று எழுதிய குறிப்பில்தான் ஈதர்நெட் என்ற பெயர் வருகிறது. டேவிட் பாக்ஸும் அவரும் சேர்ந்து அதைச் செய்து காட்டினார்கள். அலோஹாவில் இல்லாத இரண்டு நல்ல பழக்கங்கள் இதில் உண்டு. பேசுவதற்கு முன்னால் காது கொடுத்துக் கேள். பேசும்போதும் கேட்டுக்கொண்டே இரு, மோதினால் உடனே நிறுத்து. நிறுத்திய பிறகு இரண்டு பேரும் ஒரே நேரம் காத்திருந்தால் மறுபடியும் மோதுவார்கள். அதனால் ஆளுக்கொரு குலுக்கல் நேரம். திரும்பத் திரும்ப மோதினால் குலுக்கலின் எல்லை இரண்டிரண்டு மடங்காக விரியும். 16 தடவை முயன்றும் முடியாவிட்டால் கைவிட்டு, மேலே இருக்கிற மென்பொருளிடம் ஒப்படைத்துவிடும்.

டோக்கன் வழியை எடுத்துக்கொண்டது ஐபிஎம். 1985-ல் வந்த அவர்களுடைய டோக்கன் ரிங்கில் மூன்றே பைட் அளவுள்ள ஒரு டோக்கன் வளையத்தைச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். அது கையில் வருகிற இயந்திரம் மட்டும் பேசலாம். மோதலே கிடையாது. ஒரு இயந்திரம் அதிகபட்சம் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். ஈதர்நெட்டில் அப்படி உறுதி கொடுக்க முடியாது. இதனால்தான் தொழிற்சாலைக்கு டோக்கன்தான் சரி என்று ஒரு பெரிய கட்சி இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 80-களில் தன் தொழிற்சாலைகளுக்காக முன்னே தள்ளிய மேப் என்ற ஏற்பாடும் டோக்கன் வகைதான். நான் பிஇ படித்தபோது பாடப்புத்தகத்தில் இரண்டுக்கும் சரிசமமான பக்கங்கள். பரீட்சையில் 'ஒப்பிட்டு எழுதுக' என்று வந்தால் டோக்கன் ரிங் பக்கம் கொஞ்சம் தூக்கலாக எழுதினால் மார்க் விழும்.

சரி, குறிச்சியும் தொழிற்சாலைதானே? லேத், மில்லிங், ஃபவுண்டரி, பம்ப் செட், கிரைண்டர் பாகம் என்று தொழிற்சாலை தவிர வேறு என்ன இருக்கிறது இங்கே? அப்படியிருந்தும் நான் நுழைந்து பார்த்த எந்தச் சின்னப் பட்டறையிலும் டோக்கன் ரிங் கார்டு ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அது இருந்ததெல்லாம் ஐபிஎம் பெரிய இயந்திரம் வாங்கிய இடங்களில்.

விலை ஒரு காரணம். கார்டு விலையே ஈதர்நெட்டைவிடப் பல மடங்கு. ஆனால் விலை மட்டுமே காரணம் என்றால் கதை சப்பென்று முடிந்துவிடும். பட்டறைக்காரர்கள் கம்ப்யூட்டரை எதற்கு வைத்திருந்தார்கள் என்று பார்க்கணும். பில் போட, ஸ்டாக் பார்க்க, சம்பளப் பட்டியல் எடுக்க, கணக்கு எழுத. பில் இரண்டு நொடி தாமதமாக வந்தால் குடி முழுகாது. சிஎன்சி மெஷினுக்கு புரோகிராம் அனுப்புவதற்கு நெட்வொர்க்கே தேவைப்படவில்லை. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து சீரியல் ஒயரை நேராக மெஷினுக்கு இழுத்துவிடுவார்கள். மோதினால் உயிர் போகிற மாதிரி எதுவும் அந்தக் கம்பியில் ஓடவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் கவலை நம்ம கவலை இல்லை.

முதலில் வந்த ஏற்பாட்டை நெட்வொர்க் என்று சொல்லலாமா என்பதே சந்தேகம். 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கம்ப்யூட்டர் கொள்கையை அறிவித்து இறக்குமதி கொஞ்சம் தளர்ந்த பிறகு, வசதியான கம்பெனிகள் ஒரு பெரிய இயந்திரத்தில் ஜெனிக்ஸோ யுனிக்ஸோ போட்டு, எட்டு போர்ட் கார்டு ஒன்றைச் செருகி, எட்டு டெர்மினல்களைச் சீரியல் ஒயரில் இணைத்தன. டெர்மினலுக்குச் சொந்தமாக மூளை கிடையாது. ஆனால் ஒரு ஒயர் அறுந்தால் ஒரு டெர்மினல்தான் நிற்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வந்தது நாவல் நெட்வேர். கூடவே கோஆக்சியல் ஒயர், நம்ம கேபிள் டிவி ஒயர் மாதிரிதான் இருக்கும். கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் பின்னால் ஒரு டி-கனெக்டர். ஒயர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கும். கடைசி இரண்டு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர் என்று ஒரு மூடி. நீளம் 185 மீட்டர் வரை, ஒரு துண்டில் 30 கம்ப்யூட்டர் வரை. பாக்ஸ் எதுவும் வேண்டாம், கரண்ட் வேண்டாம், ஒயர் மிச்சம். ஹார்ட் டிஸ்க் விலை அதிகமாக இருந்த காலம் என்பதால் சர்வரில் மட்டும் டிஸ்க் போட்டுவிட்டு, மற்ற கம்ப்யூட்டர்களில் லேன் கார்டு மேல் ஒரு பூட் ராம் சிப்பைச் செருகி, டிஸ்க் இல்லாமலேயே ஓட்டினார்கள். சிக்கனம் என்றால் கொங்குநாட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. கோஆக்ஸ் நன்றாக விற்றது.

நான் காலேஜில் இருந்த 90-களின் கடைசியில், லீவு நாட்களில் ஒரு ஹார்ட்வேர் சர்வீஸ்காரரோடு சுற்றினேன். அவர் பையில் ஸ்க்ரூ டிரைவர், ஒரு மல்டிமீட்டர், உபரியாக இரண்டு டெர்மினேட்டர். இவ்வளவுதான். 'நெட்வொர்க் போச்சு' என்று போன் வந்தால் போய் நிற்போம். பெருக்க வந்த அம்மா மேசையைக் கொஞ்சம் நகர்த்தியிருப்பார்கள். யாரோ ஒரு கம்ப்யூட்டரைக் கழற்றும்போது டி-கனெக்டரைச் சேர்த்துப் பிடுங்கியிருப்பார்கள். எலி கடித்திருக்கும். எதுவாக இருந்தாலும் விளைவு ஒன்றுதான்: அத்தனை கம்ப்யூட்டரும் நின்றிருக்கும். டி-கனெக்டரைக் கார்டிலிருந்து கழற்றி நடுக்கம்பிக்கும் வெளிவலைக்கும் நடுவே மீட்டரை வைப்பார். 25 ஓம் காட்டினால் இரண்டு முனையும் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம், ஏனென்றால் இரண்டு 50 பக்கவாட்டில் சேர்ந்தால் 25. 50 காட்டினால் ஏதோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் என்றால் எங்கேயோ ஷார்ட். அப்புறம் ஒயரின் நடுவில் வெட்டி, டெர்மினேட்டரை மாட்டி, கோளாறு இந்தப் பாதியிலா அந்தப் பாதியிலா என்று பார்ப்பார். அந்தப் பாதியில் பாதி, அதிலும் பாதி. காலேஜில் பைனரி சர்ச் என்று இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அவர் பத்தாவதோடு நின்றவர்.

ஒரு பம்ப் பாகப் பட்டறையில் முதலாளி பக்கத்தில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கேட்டார்: "ஏனுங்க தம்பி, ஒரு ஒயரு புடுங்கிக்கிச்சுன்னா ஒரு கம்ப்யூட்டரு தானுங்க நிக்கோணும்? எல்லாம் எதுக்குங்க நிக்குது?"

திறந்த முனையில் மின்னலை முட்டித் திரும்பி வரும், அந்த எதிரொலி மற்ற எல்லாப் பேச்சையும் கெடுக்கும் என்று விளக்கினோம். தலையாட்டினார். ஆனால் அவர் கேட்டது இயற்பியல் இல்லை. இப்படிப்பட்ட ஏற்பாட்டை எதற்கு வாங்கணும் என்று கேட்டார். ஐபிஎம் ஆட்களும் மெட்காஃப் ஆட்களும் வருஷக்கணக்கில் சண்டை போட்டது யார் பேசுவது என்பதைப் பற்றி. இவர் கேட்டது கோளாறு வந்தால் எத்தனை பேர் வாயை மூடணும் என்பதைப் பற்றி. பட்டறைக்கு இரண்டாவது கேள்விதான் பெரியது. அன்றைக்கு லாரி டிரைவர் வெளியே நின்று பில்லுக்காகப் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

கோஆக்ஸில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஒயரின் வெளிவலையை ஒரே ஒரு முனையில்தான் எர்த் செய்யணும். முன்னால் ஆபீஸ், பின்னால் ஷெட், இரண்டுக்கும் தனித்தனி எர்த் குழி. இரண்டு பக்கமும் எர்த் பட்டுவிட்டால், பின்னால் வெல்டிங் செட்டை ஆன் செய்யும்போது முன்னால் டி-கனெக்டரைத் தொட்டவருக்கு லேசாகக் கை உதறும். லேன் கார்டுகள் வரிசையாகப் போகும். மழைக்காலத்தில் இடி இடித்தால் கேட்கவே வேண்டாம்.

அந்த முதலாளியின் கேள்விக்குப் பதில் அப்போதே வந்துவிட்டிருந்தது. 1990-ல் தரமாக்கப்பட்ட 10பேஸ்-டி என்ற வகையில் டெலிபோன் ஒயர் மாதிரி முறுக்கிய ஜோடிக் கம்பி. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலிருந்தும் தனித்தனியாக ஒரு ஒயர் நடுவில் இருக்கிற ஹப்புக்குப் போகும், 100 மீட்டர் வரை. ஒரு ஒயர் போனால் ஒரு கம்ப்யூட்டர்தான் போகும். பழைய ஜெனிக்ஸ் டெர்மினலின் அதே நட்சத்திர வடிவம், சுற்றிச் சுற்றித் திரும்பி வந்திருந்தது. ஆனாலும் குறிச்சியில் உடனே யாரும் மாறிவிடவில்லை. மறுப்புகள் நியாயமானவை. ஒயர் அதிகம் பிடிக்கும். ஹப்புக்குக் கரண்ட் வேணும், கரண்ட் போனால் அது நிற்கும். ஹப் பழுதானால் எல்லாமே நிற்கும். உலகத் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் 1997-ல் இந்தியா சேர்ந்து, கம்ப்யூட்டர் சாமான்களுக்கான இறக்குமதி வரி படிப்படியாகக் குறையத் தொடங்கியது. தைவான் ஹப்களும் லேன் கார்டுகளும் மலிவானதும் தயக்கம் போய்விட்டது.

என்னைக் கேட்டால் ஹப் ஜெயித்ததற்கு வடிவத்தைவிட முக்கியமான காரணம் அந்தச் சின்னப் பச்சை விளக்கு. ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு விளக்கு. எரியாவிட்டால் அந்த ஒயர் போச்சு. மல்டிமீட்டர் வேண்டாம், 25 ஓம் கணக்கு வேண்டாம். ஸ்டோர்ஸ் பையனே பார்த்துவிட்டு, "மூணாவது எரியலைங்க" என்று போனில் சொல்லுவான். ஊர் எலெக்ட்ரீஷியன்கள் நிறக்கோடு மனப்பாடம் செய்து, கிரிம்பிங் பிளையர் வாங்கி, இந்த வேலையை எடுத்துக்கொண்டார்கள். டோக்கன் ரிங்கின் பாதுகாப்புக்குள் இருந்த சூட்சுமங்கள் எவ்வளவோ. டோக்கன் தொலைந்து போனால் கண்காணிக்கிற இயந்திரம் புதிதாக ஒன்றை உண்டாக்கும், வளையம் அறுந்தால் பக்கத்து இயந்திரம் சங்கு ஊதும். எல்லாம் சரி. ஆனால் அதைத் திறந்து பார்த்துச் சரிசெய்கிறவர் போத்தனூரில் இல்லை. ரயில்வேக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பே இருந்தது, பட்டறைக்காரருக்கு ஒரு எலெக்ட்ரீஷியன் இருந்தார்.

அதற்குப் பிறகு மோதல் என்ற பிரச்சினையே காணாமல் போனது. 1990-ல் கல்பனா என்ற அமெரிக்கக் கம்பெனி ஏழு போர்ட் ஈதர்நெட் ஸ்விட்ச் ஒன்றைக் கொண்டுவந்தது. பெயரைப் பார்த்ததும் புரிந்திருக்கும், அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வினோத் பரத்வாஜ். 1994-ல் சிஸ்கோ அதை வாங்கிக்கொண்டது. ஹப் என்றால் ஒருவர் பேசியதை எல்லோர் காதிலும் கத்தும். ஸ்விட்ச் யாருக்கோ அவருக்கு மட்டும் கொண்டுபோய்க் கொடுக்கும். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் சொந்தத் தண்டவாளம், அதுவும் இரட்டைத் தண்டவாளம். போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று. அப்புறம் டோக்கனும் வேண்டாம், குலுக்கலும் வேண்டாம். ரயில்வேயில் இரட்டைப் பாதை வந்ததும் பந்து வேலையிழந்தது போலத்தான்.

விண்டோஸ் 95 வந்ததும் தனி சர்வர் வைக்கிற பழக்கம் போனது. கணக்குப்பிள்ளை கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரை ஷேர் செய்து, அதில் ஃபாக்ஸ்புரோ ஃபைலையோ டேலியையோ வைத்துவிடுவார்கள். கணக்குப்பிள்ளை ஐந்து மணிக்கு ஷட் டவுன் செய்தால் மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்த பில் பாதியில் நிற்கும், ஃபாக்ஸ்புரோ இண்டெக்ஸ் உடைந்து போகும். காலையில் முதல் வேலை ரீஇண்டெக்ஸ். விண்டோஸ் எக்ஸ்பி புரொஃபஷனலில் இன்னொரு சுவரும் இருந்தது. ஒரு கம்ப்யூட்டரோடு ஒரே நேரத்தில் 10 பேர்தான் சேரலாம், ஹோம் வகை என்றால் ஐந்தே பேர். தொழில் நன்றாக நடந்து ஆள் சேர்த்தவர்களுக்குத்தான் இந்தத் தண்டனை. பதினோராவது ஆள் உள்ளே வர முடியாது. ஒன்று விண்டோஸ் சர்வர் வாங்கணும், லைசென்ஸ் விலையைக் கேட்டால் ஒரு லேத் மெஷின் கண்முன்னே வரும். இல்லையென்றால் பிசிகுவெஸ்ட் பத்திரிகையோடு வந்த லினக்ஸ் சிடியைப் பழைய பெண்டியத்தில் ஏற்றி சாம்பாவை ஓட்டணும். இரண்டாவது வழியில் போன பட்டறைகள் சில எனக்குத் தெரியும். அந்தப் பெண்டியங்கள் மூலையில் தூசு படிந்து வருஷக்கணக்கில் ஓடின. அமைத்துக் கொடுத்த பையன் பெங்களூருக்கோ அமெரிக்காவுக்கோ போன பிறகு யாரும் அதைத் தொடப் பயந்தார்கள் என்பது வேறு விஷயம்.

டவுனில் ஆபீஸ், குறிச்சியில் ஷெட் என்று இரண்டு இடம் வைத்திருந்தவர்களுக்கு வேறு பாடு. 1885-ஆம் ஆண்டு தந்திச் சட்டப்படி தந்தி நடத்துகிற உரிமை அரசாங்கத்துக்கு மட்டுமே. உன் வளாகத்துக்குள் ஓட்டுகிற ஒயர் வேறு, ரோட்டைத் தாண்டினால் கதை வேறு. லீஸ்டு லைன் எடுக்கிற அளவுக்குச் சின்னப் பட்டறைக்குத் தெம்பு ஏது? மாலையில் டிவிஎஸ் 50-ல் ஒரு பையன் 1.44 எம்பி ஃபிளாப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவான். அதுதான் நெட்வொர்க். 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த திறன் கருவிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று மத்திய அரசின் விதிகள் வந்த பிறகு, மொட்டைமாடியில் ஆன்டெனா வைத்துப் பக்கத்து ஷெட்டுக்கு ஒயர்லெஸ் இழுத்தவர்களும் உண்டு. பிராட்பேண்ட் வந்ததும் பெரும்பாலானோருக்கு அந்தத் தேவையும் போனது.

கரண்ட் விஷயத்தை மட்டும் யாராலும் தாண்ட முடியவில்லை. 2008-லிருந்து வந்த மின்வெட்டு 2012-ல் உச்சத்துக்குப் போனபோது, சென்னையைத் தவிர மற்ற மாவட்டங்களில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேலேயே கரண்ட் இல்லாத நாட்கள் இருந்தன. அப்போதுதான் பலர் ஸ்விட்சையும் மோடத்தையும் யுபிஎஸ்ஸில் இணைத்தார்கள். அதுவரைக்கும் கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் இருக்கும், ஸ்விட்சுக்கு இருக்காது. ஹப் வந்த காலத்தில் சொல்லப்பட்ட பழைய மறுப்பு சரியாக அங்கே வந்து நின்றது.

முன்பு நெட்வொர்க் நின்றால் கையால் பில் எழுதி லாரியை அனுப்பிவிடலாம். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்து, இ-வே பில் வந்து, கடைசியில் 2023 ஆகஸ்ட் முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய கம்பெனிகள் மற்ற கம்பெனிகளுக்குப் போடும் பில்லை அரசாங்கப் போர்ட்டலில் பதிந்து எண் வாங்கியாகணும் என்று ஆனது. ஐந்து கோடி என்பது இங்கே பெரிய கம்பெனி இல்லை. இரும்பு விலைக்கு, நடுத்தரப் பட்டறை ஒன்று தாண்டிவிடும். இப்போது நெட் இல்லையென்றால் லாரி நகராது. கண்ட்ரோல் போனாக இருந்தது மெல்ல மெல்ல டோக்கன் பக்கம் நகர்ந்திருக்கிறது. மோதினாலும் பரவாயில்லை என்று இருந்த காலம் போய், எண் கையில் இல்லாமல் வண்டி கிளம்பக்கூடாது என்று ஆகியிருக்கிறது.

போன வருஷம் குறிச்சியில் ஒரு பட்டறைக்காரர் தன் ஏற்பாட்டைப் புதுப்பிக்க யோசனை கேட்டார். முன்னால் ஆபீஸில் 11 கம்ப்யூட்டர், பின் ஷெட்டில் மூன்று, சிஎன்சி இரண்டு, கேமரா எட்டு. ஒரு கம்பெனி மாதச் சந்தாவோடு எல்லாவற்றையும் இணையத்திலிருந்தே நிர்வகிக்கிற ஏற்பாட்டைக் கொடுத்திருந்தது. பளபளவென்று இருந்தது, தவறான சரக்கும் இல்லை. நான் அவரிடம் ஒவ்வொரு பெட்டியையும் காட்டி, இது நின்றால் எத்தனை பேர் நிற்பார்கள், யார் வந்து சரிசெய்வார், அதற்குள் லாரி போகுமா என்று மட்டும் கேட்டேன். சந்தா கட்டத் தவறினால் என்ன ஆகும் என்று அவராகவே ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டார்.

கடைசியில் அவர் வைத்தது சாதாரண ஏற்பாடு. கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று, சீலிங்கில் இல்லாமல் கண் உயரத்தில், விளக்குகள் தெரிகிற மாதிரி. அதே மாடலில் இன்னொன்று பிரிக்காமல் அலமாரியில். கேமராக்களுக்குத் தனி ஸ்விட்ச், அவை ராத்திரி பகலாகப் பேசிக்கொண்டே இருப்பவை. கணக்கு ஆபீஸுக்குள்ளேயே ஒரு சின்ன சர்வரில். அதன் நகல் ஒன்று வெளியே இணையத்தில், இன்னொன்று எதிலும் மாட்டாமல் பீரோவில் இருக்கிற டிஸ்க்கில். 2017 மே மாதம் வானாக்ரை உலகத்தைச் சுற்றி வந்ததிலிருந்து, எதிலும் மாட்டாத நகலை நான் விட்டுக்கொடுப்பதில்லை. இணையத்துக்கு ஒரு ஃபைபர் லைன். அது போனால் ஒரு சிம் போட்ட ரூட்டர், பில் பதியும் அளவுக்கு அது போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கும் எனக்கும் வாக்குவாதம். பின் ஷெட்டுக்குத் தாமிர ஒயர் வேண்டாம், ஃபைபர் இழுங்கள் என்றேன். தூரம் 60 மீட்டர்கூட இருக்காது, தாமிரமே எட்டும். ஆனால் இரண்டு எர்த் குழி, நடுவில் வெல்டிங் லைன், மழைக்கு இடி. கண்ணாடியில் கரண்ட் போகாது. "அது அறுந்தா நம்ம எலெக்ட்ரீஷியன் ஒட்டுவாருங்களா?" என்றார். ஒட்ட மாட்டார், அதற்கு மெஷின் வேணும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ரெண்டு முனையிலும் கனெக்டர் மாட்டியே வருகிற ஃபைபர் ஒயரில் இரண்டை வாங்கி ஒரே பைப்பில் சேர்த்து இழுக்கச் சொன்னார். ஒன்று ஓடுகிறது. இன்னொன்றின் இரண்டு முனையிலும் மஞ்சள் டேப் சுற்றி, பேனாவால் 'ஸ்பேர்' என்று எழுதி, ஸ்விட்சுக்குப் பக்கத்திலேயே தொங்க விட்டிருக்கிறார்கள்.